வேடிக்கைத் துப்பாக்கி: கண்ணுக்குக் காவல் யார்?

பெங்களூர் நகர எல்லையைத் தாண்டி, கனகபுரா சாலையிலோ நந்தி மலைக்குப் போகும் வழியிலோ சனி, ஞாயிறுகளில் செல்வோர் சாலையோரப் பண்ணைகளில் ஒரு புதுக் காட்சியைக் காணலாம். வலை கட்டி அடைத்த மைதானம். அதற்குள் பழைய டயர்களும் பீப்பாய்களும் அரண்போல் அடுக்கப்பட்டிருக்கும். முகமூடி அணிந்த இளைஞர்கள் அவற்றின் பின்னால் பதுங்கி ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருப்பார்கள். குண்டு பட்டால் இரத்தம் வராது. மஞ்சளும் பச்சையுமாகச் சாயம் வழியும். பட்டவர் கையை உயர்த்திக்கொண்டு வெளியேற வேண்டியதுதான்.

‘பெயிண்ட்பால்’ எனப்படும் இந்த விளையாட்டு இன்று கம்பெனிகளின் உல்லாசப் பயணங்களிலும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாள் விழாக்களிலும் சாதாரணமாகிவிட்டது. கணினித் தொழிலை நம்பிப் பெங்களூருக்கு வந்து குடியேறியுள்ள தமிழ் இளைஞர்களில், அலுவலக நண்பர்களுடன் ஒரு முறையாவது இந்த மைதானத்தில் இறங்காதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விளையாட்டில் தவறொன்றும் இல்லை. உடலுக்குப் பயிற்சி, மனத்திற்கு உற்சாகம், சக ஊழியர்களிடையே கலகலப்பு என்று இதற்காகச் சொல்லப்படும் காரணங்களும் பொய்யல்ல.

ஆனால் மைதானத்து வாசலில் ஒரு பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும் முகமூடியைப் பற்றி மட்டும் கொடுப்பவரும் வாங்குபவரும் அதிகமாக யோசிப்பதில்லை. போலீஸ்காரர் நிற்கும் சந்திப்பைத் தாண்டுவதற்காக மட்டும் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் அரைத் தொப்பி ஹெல்மெட்டைப் போலவே இதுவும் ஒரு சடங்காகிவிட்டது. உண்மையில் இந்த விளையாட்டுக்கும் ஒரு கண் நிரந்தரமாகப் போவதற்கும் இடையே நிற்பது அந்த ஒரு பிளாஸ்டிக் தகடுதான்.

சின்னக் குண்டு

பெயிண்ட்பால் குண்டு ஜெலட்டின் உறைக்குள் சாயத்தை அடைத்துச் செய்யப்படுவது. மருந்து மாத்திரையின் மேலுறையைப் போன்றதுதான். ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் குறுக்களவும் 3 கிராம் எடையும் உள்ளது. விரலால் அழுத்தினால் நசுங்கும். ஆனால் அது துப்பாக்கியிலிருந்து வெளிப்படும் வேகம், விளையாட்டு விதிகள் அனுமதிக்கும் உச்ச அளவில், வினாடிக்கு 300 அடி. மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். தொடையில் பட்டால் ஒரு ரூபாய் அளவுக்குக் கன்றிப்போய், நாலைந்து நாளில் மறையும். கண்ணில் பட்டால் கதை வேறு.

கண்ணைச் சுற்றி நெற்றி எலும்பும் கன்ன எலும்பும் மூக்கும் அரண் கட்டியதுபோல் அமைந்துள்ளன. அந்தக் கண்குழியின் வாய் சுமார் 4 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. ஏழு சென்டிமீட்டருக்கும் மேல் குறுக்களவுள்ள கிரிக்கெட் பந்து வந்து மோதினால் அதன் வேகத்தில் பெரும் பகுதியை எலும்பு வாங்கிக்கொள்ளும். பெயிண்ட்பால் குண்டோ விழியைவிடவும் சிறியது. எலும்பைத் தொடாமலே உள்ளே நுழைந்து, முழு வேகத்தையும் விழியின் மீதே இறக்கிவிடும்.

பெரிய பந்தே என்ன பாடு படுத்தும் என்பது கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரியும். 2000-ஆம் ஆண்டு டாக்காவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில், பெங்களூர்க்காரரான அனில் கும்ப்ளே பந்து வீசியபோது விக்கெட் கீப்பர் சபா கரீமின் வலது கண்ணில் பந்து பட்டது. அதற்குப்பின் அவரால் ஒரே ஒரு டெஸ்ட் பந்தயம்தான் ஆட முடிந்தது. 2012-இல் தென்னாப்பிரிக்க விக்கெட் கீப்பர் மார்க் பவுச்சரின் இடது கண்ணைப் பறித்ததோ பந்துகூட அல்ல. ஸ்டம்பின் மேலிருந்து தெறித்த சின்னஞ்சிறு பெயில்ஸ் கட்டை. இங்கிலாந்தில் டாண்டன் மைதானத்தில் நடந்த அந்தச் சம்பவத்துடன் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இன்று ஸ்டம்பை ஒட்டி நிற்கும் கீப்பர் ஹெல்மெட் அணியாமல் நின்றால் பார்ப்பவர்களுக்கே பதறுகிறது. ஒரு தலைமுறைக்கு முன் அப்படியில்லை.

கண்ணில் குண்டு பட்டவுடன் கருவிழிக்குப் பின்னால் இரத்தம் கசிந்து தேங்குவதும், லென்ஸ் இடம் பெயர்வதும், விழித்திரை கிழிவதும் மருத்துவர்கள் அறிந்தவை. விழியே வெடித்துவிடுவதும் உண்டு. அதைவிட வஞ்சகமானது, வலி அடங்கிப் பார்வை தெளிந்துவிட்டதாக நினைத்திருக்கும்போதே, பல ஆண்டுகள் கழித்து அதே கண்ணில் அழுத்த நோய் தலைதூக்குவது. உள்ளே நீர் வடியும் பாதை அடிபட்ட அன்றே சிதைந்திருக்கும். விளைவு மெதுவாகத்தான் தெரியும். ‘அன்றைக்குப் பட்டது, சரியாகிவிட்டது’ என்று சொல்லும் இளைஞர் ஆண்டுக்கொரு முறை கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம் என்று கண் மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

மாட்டுக்குக் குறி வைத்த துப்பாக்கி

இந்த விளையாட்டின் பிறப்பே கொஞ்சம் விசித்திரமானது. அமெரிக்காவில் வெட்ட வேண்டிய மரங்களுக்கும் மந்தையில் பிரிக்க வேண்டிய மாடுகளுக்கும் தூரத்திலிருந்தே அடையாளம் வைப்பதற்காகச் செய்யப்பட்டதுதான் இந்தச் சாயத் துப்பாக்கி. 1981-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிக்கர் என்ற ஊரின் காட்டில் பன்னிரண்டு பேர் அதை வைத்துக்கொண்டு கொடி பறிக்கும் போட்டி நடத்தினார்கள். வென்றவர் ஒரு வனத்துறைத் தொழில் தெரிந்தவர். ஒரு குண்டுகூடச் சுடாமலே கொடிகளை எடுத்து வந்துவிட்டார் என்பது சுவையான செய்தி.

முதல் சில ஆண்டுகள் பட்டறைக் கண்ணாடியையும், பனிச்சறுக்குக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கும் அணியும் கண்ணாடியையுமே ஆட்டக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். கண்கள் போன பிறகே இதற்கென்று தனியான முகக்கவசங்கள் வந்தன. கண்ணோடு நில்லாமல் காது, கன்னம், பல், தாடை எல்லாவற்றையும் மூடும் இன்றைய வடிவம் அப்படி வளர்ந்ததுதான். அதற்குத் தரம் வகுத்தது அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு. ‘ஏ.எஸ்.டி.எம். எஃப் 1776’ என்ற எண் கவசத்தில் பொறிக்கப்பட்டிருந்தால் பெயிண்ட்பால் ஆட்டத்திற்கென்றே சோதிக்கப்பட்டது என்று பொருள்.

பட்டறைக் கண்ணாடி போதாதா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. போதாது. தொழிற்சாலைக் கண்ணாடிகளுக்கான அமெரிக்கத் தரத்தில், ஏறக்குறைய ஒரு கிராம் எடையுள்ள எஃகுக் குண்டை வினாடிக்கு 76 மீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். அந்த மோதலின் ஆற்றல் சுமார் 3 ஜூல். பெயிண்ட்பால் குண்டின் ஆற்றலோ 12 ஜூல், நான்கு மடங்கு. தகடு உடையாவிட்டாலும் கண்ணாடியே முகத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். ஓரத்து இடைவெளியில் அடுத்த குண்டு நுழையும். நம் நாட்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ‘ஐ.எஸ். 5983’ என்ற தரத்தைக் கண் காப்புக் கண்ணாடிகளுக்கு வகுத்திருக்கிறது. அது பட்டறைத் தொழிலாளியின் கண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்த வேலைக்கு அது வேண்டும். விளையாட்டு மைதானத்துக்கு அதைக் கொண்டு வந்து நிறுத்துவது பொருந்தாது.

பார்வைக்காக அணியும் சாதாரண மூக்குக்கண்ணாடியை நம்பி இறங்குவது இன்னும் மோசம். அது உடைந்தால் சில்லுகளே கண்ணுக்கு எமன். கண்ணாடி அணிபவர்களுக்கு, அதற்கு மேலாகப் பொருந்தும் அகலமான கவசம் தர வேண்டும்.

கழற்றும் நேரம்

நல்ல கவசம் இருந்தும் கண் போகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி. பெயிண்ட்பால் கண் காயங்களைப் பற்றி வெளிநாட்டு மருத்துவ ஏடுகளில் வந்துள்ள கட்டுரைகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே: காயமடைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த விநாடியில் கவசம் அணிந்திருக்கவில்லை. சிலர் அணியவே இல்லை. மற்றவர்கள் அணிந்திருந்து, ஒரு கணம் நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டார்கள்.

ஏன் தூக்குகிறார்கள்? மூச்சுக் காற்று தகட்டில் ஆவியாகப் படிகிறது. பெங்களூரின் மழைக்காலத்திலும் மார்கழிக் காலையிலும் ஐந்து நிமிடம் ஓடினாலே எதிரே நிற்பவர் மங்கலாகிவிடுவார். சாயம் தெறித்து மறைக்கும். முன்பு அணிந்தவரின் வியர்வை நாற்றம் மூச்சை முட்டும். ஆட்டம் முடிந்துவிட்டதாக நினைத்து ஒருவர் முகமூடியைத் தூக்குவார். ஐம்பது அடி தள்ளி நிற்பவருக்கு அது முடிந்திருக்காது. செல்போனில் படம் எடுத்துக்கொள்ளும் ஆசையும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது. படத்தில் முகம் தெரிய வேண்டுமே!

ஆகவே ஆட்டக்காரரின் அலட்சியத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆவி படியாத இரட்டைத் தகட்டுக் கவசங்கள் இருக்கின்றன. குளிர்நாடுகளின் ஜன்னல்களைப்போல் இரண்டு தகடுகளுக்கிடையே காற்றை அடைத்துச் செய்தவை, விலை கூடுதல். ஒற்றைத் தகட்டுக் கவசத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ‘ஆட்டத்தின்போது கழற்றக் கூடாது’ என்று பலகை எழுதி மாட்டும் மைதானக்காரர், கழற்றுவதற்கான காரணத்தைத் தாமே கையில் கொடுக்கிறார்.

தகடு பாலிகார்பனேட்டால் ஆனது. உறுதியானதே, ஆனால் அழியாதது அல்ல. வெயிலிலும் கீறலிலும் வலுவிழக்கும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவமும், கொசு விரட்டிக் களிம்பும், சில கரைப்பான்களும் அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கும். பளபளவென்று துடைத்து வைக்கப்பட்ட முகமூடி பத்திரமானது என்று நினைப்பதற்கில்லை. எதைக் கொண்டு துடைத்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. நெருக்கத்திலிருந்து நேரடியாக அடி வாங்கிய தகட்டையும், வெடிப்போ கீறலோ கண்ட தகட்டையும் மாற்றிவிட வேண்டும். எதுவும் படாவிட்டாலும் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும் என்றே தயாரிப்பாளர்கள் கூறுகிறார்கள். எந்தத் தகடு எப்போது மாற்றப்பட்டது என்று ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் மைதானத்தின் தராதரம் தெரிந்துவிடும்.

துப்பாக்கியின் வேகமும் நிலையாக இருப்பதில்லை. கார்பன் டை ஆக்சைடு வாயுவில் இயங்கும் துப்பாக்கியில் வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும். காலையில் அளந்தபோது சரியாக இருந்தது மதியம் மீறிப் போயிருக்கும். வேகம் அளக்கும் கருவி ஒவ்வொரு மைதானத்திலும் இருக்க வேண்டும். ஒரு முறை அளந்து ஓய்ந்துவிடாமல் இடையிடையே அளக்க வேண்டும். மைதானத்தை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு துப்பாக்கியின் குழல் வாயிலும் உறை மாட்டியிருக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் பால பாடம்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பெரியவர்களின் கவசம் பத்து வயதுச் சிறுவனின் முகத்தில் ஆடும், ஓடும்போது நழுவும். வார் இழுத்துக் கட்டினாலும் கன்னத்தோரம் இடைவெளி விடும். சிறுவர்களுக்கென்று 12.7 மில்லிமீட்டர் சிறு குண்டும் குறைந்த தாக்கமும் உள்ள துப்பாக்கிகள் உண்டு; அளவான கவசங்களும் உண்டு. இவை இல்லாத இடத்தில் பிறந்தநாள் விழாவுக்கு வேறு விளையாட்டு தேடுவது நல்லது.

கடைத்தெருவுக்கு வந்தவை

மைதானத்திலாவது ஒரு நடுவர் இருக்கிறார். வீட்டுக்குள் வந்துவிட்ட துப்பாக்கிகளுக்கு அதுவும் இல்லை. ‘ஏர்சாஃப்ட்’ என்னும் வகை 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டையைச் சுடுகிறது. சாதாரணமாக ஒரு ஜூல் அளவு ஆற்றல். பன்னிரண்டோடு ஒப்பிட்டால் அற்பம் என்று தோன்றும். ஆனால் உருண்டை கடினமானது. முன்பல்லை உடைக்கவும் கருவிழியைச் சிதைக்கவும் அது போதும். இதற்குக் கம்பி வலைக் கண்ணாடி அணிபவர்கள் உண்டு. ஆவி படியாது என்பது உண்மையே. ஆனால் உருண்டை உடைந்து துணுக்காகும்போது வலை வழியே உள்ளே வரும். பெயிண்ட்பாலுக்கோ அது கொஞ்சமும் உதவாது.

தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகளைச் சுடும் பொம்மைத் துப்பாக்கிகளும் இப்போது பரவி வருகின்றன. ‘வெறும் தண்ணீர்தானே’ என்று பெற்றோர் நினைக்கிறார்கள். மிக அருகிலிருந்து கண்ணில் பட்டால் கருவிழி உராய்ந்து கண்ணுக்குள் இரத்தம் கசியும் அளவுக்குக் காயம் ஏற்பட்டதை அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கண்காட்சிகளில் பலூன் சுடும் கடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பலகையில் பட்டுத் திரும்பும் ஈயத் துணுக்குக்கு எதிரே சுடுபவரும் கடைக்காரரும் வேடிக்கை பார்க்கும் குழந்தையும் வெறுங்கண்ணோடு நிற்கும் நாடு இது.

சட்டம் எங்கே பார்க்கிறது?

சட்டங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றும் வேறு திசையைப் பார்க்கிறது என்பதுதான் சங்கடம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் எந்தத் துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்பதைக் கவனிக்கின்றன. எதிரே நிற்பவரின் கண் அவற்றின் கவலை அல்ல. 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு உத்தரவு, பொம்மை சுடும் குண்டின் ஆற்றலுக்கு வரம்பு கட்டும் தரத்தைக் கட்டாயமாக்கியது. நல்ல காரியம். ஆனால் அது பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்கே பொருந்தும்.

அரசு விழித்துக்கொள்ளும் நேரம் எது என்பதற்கு 2025 தீபாவளி ஒரு சாட்சி. பிளாஸ்டிக் குழாயில் கால்சியம் கார்பைடையும் தண்ணீரையும் போட்டுப் பற்றவைக்கும் ‘கார்பைடு துப்பாக்கி’ மத்தியப் பிரதேசச் சந்தைகளில் நூறு, இருநூறு ரூபாய்க்கு விற்றது. ஏன் வெடிக்கவில்லை என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்த சிறுவர்களின் முகத்தில் அது வெடித்தது. போபாலிலும் பிற ஊர்களிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண் காயங்களுடன் ஆஸ்பத்திரிகளில் வந்து குவிந்தார்கள். சிலர் பார்வையை இழந்தார்கள். அதன் பிறகே தடையும் பறிமுதலும் கைதுகளும் சுறுசுறுப்பாக நடந்தன. பெயிண்ட்பால் அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. ஒழுங்காக நடத்தினால் பாதுகாப்பாக நடத்தக்கூடியது. அதனால்தான் அதற்குத் தடை தேவையில்லை, ஒழுங்கு தேவை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கர்நாடகத்தில் அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. பொதுமக்கள் கேளிக்கை இடங்களை ஒழுங்குபடுத்த உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரத்தை 1963-ஆம் ஆண்டின் கர்நாடக போலீஸ் சட்டம் நகரப் போலீஸ் கமிஷனருக்கும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கும் வழங்கியிருக்கிறது. சோதிக்கப்பட்ட கவசம், தகடு மாற்றிய பதிவேடு, வேகமானி, குழல் உறை என்ற நான்கையும் உரிம நிபந்தனைகளாகச் சேர்ப்பதற்கு ஓர் ஆணை போதும். மைதானங்களில் பல நகருக்கு வெளியே பண்ணை நிலங்களில் இருப்பதால், மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து செய்தால்தான் பலன் உண்டு. இல்லையேல் நகருக்குள் கடுமை, பத்து மைல் தள்ளி தாராளம் என்ற பழைய கதைதான்.

வாசலில் கையெழுத்து வாங்கும் படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சிட்ட அந்தக் காகிதத்தைப் பெரும்பாலோர் படிக்காமலே ஒப்பமிடுகிறார்கள். அது நிர்வாகத்துக்குப் பூரண விடுதலைப் பத்திரம் அல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சேவையில் காட்டும் கவனக்குறைவும் குறைபாடுதான். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில ஆணையத்தில் முறையிடவும் அதில் வழியுண்டு. ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போவதைக் கொடுங்காயங்களில் ஒன்றாகவே பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் வைத்திருந்தது. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அப்படியே வைத்திருக்கிறது. வெடிப்பு விழுந்த முகமூடியைத் தெரிந்தே கொடுத்தவர், ஒப்பமிட்ட காகிதத்தைக் காட்டித் தப்பிவிடலாம் என்று இருக்க முடியாது.

அடிபட்டுவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம். செய்யக் கூடாதது அதிகம். கண்ணைக் கசக்கக் கூடாது, அழுத்தித் துடைக்கக் கூடாது, மருந்துக் கடைச் சொட்டு மருந்தை ஊற்றக் கூடாது. வலிக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் இரத்தக் கசிவு கூடும். ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பகுதியைக் கண்மீது படாமல் கவிழ்த்து ஒட்டி, தலையை நிமிர்த்தியபடி உட்காரவைத்து உடனே கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பெங்களூரில் அரசாங்க மிண்டோ கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி மைதானம் நடத்துபவர், ஞாயிற்றுக்கிழமை மாலை நெரிசலில் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதையும் கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவர்களும் உண்டு. இந்த மைதானங்களின் பெரிய வாடிக்கையாளர்கள் கம்பெனிகள்தாம். நூறு ஊழியர்களுக்கு முன்பதிவு செய்யும் அதிகாரி, பஸ்ஸுக்குக் குளிர்சாதன வசதி உண்டா, சாப்பாட்டில் சைவம் தனியாக உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறார். முகமூடியில் எந்தத் தர எண் பொறித்திருக்கிறது, தகடு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற இரண்டு கேள்விகளையும் அவர் சேர்த்துக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டால், நூறு பேர் வரும் வியாபாரத்தை இழக்க விரும்பாத மைதானக்காரர் அடுத்த வாரத்திற்குள் புதுத் தகடுகளுக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார்.